தூண்டிலில் சிக்கிய மீனைப் பறிக்கும் ‘பைக்’: இங்கிலாந்து ஆற்றுப் போட்டிகளின் தீராத தலைவலி

‘பைக்’ என்றதும் நமக்கு ஞாபகம் வருவது இரண்டு சக்கர வண்டி. இங்கிலாந்தில் ஆற்றங்கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கும் ஒருவரிடம் இந்தப் பெயரைச் சொன்னால் முகம் மாறிவிடும். அவருக்கு பைக் என்பது ஒரு மீன். அதுவும் சாதாரண மீன் இல்லை. அவர் பிடித்த மீனை அவர் கண் முன்னாலேயே பறித்துக்கொண்டு போகும் மீன்.

போட்டி நேரத்தில் ஒரு சின்ன மீன் தூண்டிலில் சிக்குகிறது. பக்குவமாகக் கரைக்கு இழுத்து வருகிறார். பாதி வழியில் தண்ணீருக்கு அடியிலிருந்து பைக் பாய்ந்து வந்து அதைக் கவ்வுகிறது. மீனும் போச்சு, முள்ளும் போச்சு, நரம்பும் போச்சு. அதன் பிறகு அந்த இடத்தில் சின்ன மீன்கள் எட்டிக்கூடப் பார்க்காது.

அந்த பைக்கைப் பிடித்துக் கொன்றுவிட்டால் தொல்லை விட்டதே? தூண்டில் கிளப்களின் கூட்டங்களில் தலைமுறை தலைமுறையாக எழும் கேள்வி இது. ஆனால், அப்படிச் செய்தால் தொல்லை கூடவும் வாய்ப்பு இருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

போட்டி எப்படி நடக்கும்?

இங்கிலாந்தில் ஆற்றில் தூண்டில் போடுவது உழைக்கும் மக்களின் பொழுதுபோக்காகவே வளர்ந்தது. ஷெஃபீல்டு போன்ற தொழில் நகரங்களின் தொழிலாளர்கள் விடுமுறை நாளில் கூட்டமாக ரயிலேறி, லிங்கன்ஷயரில் ஓடும் விதம் ஆற்றுக்குப் போவது ஒரு காலத்தில் வழக்கம். 1906-லேயே தேம்ஸ் ஆற்றில், பாங்போர்ன் என்ற ஊரில் தேசிய அளவிலான போட்டி நடந்திருக்கிறது.

கிளப் போட்டியின் விதிமுறை ரொம்ப எளிது. ஆற்றங்கரையில் குறிப்பிட்ட இடைவெளியில் இடங்களைக் குறித்து எண் போட்டிருப்பார்கள். இந்த இடத்துக்குப் பெயர் ‘பெக்’. காலையில் எல்லோரும் ஒரு பையில் கைவிட்டுச் சீட்டு எடுப்பார்கள். எந்த எண் வருகிறதோ அங்கேதான் உட்கார வேண்டும். விசில் ஊதியதும் ஆரம்பம். பெரும்பாலும் ஐந்து மணி நேரம். அடுத்த விசிலோடு முடிந்தது.

பிடித்த மீனைக் கொல்லக் கூடாது. தண்ணீருக்குள் தொங்கும் ‘கீப்நெட்’ என்ற நீளமான வலைப்பையில் உயிரோடு வைத்திருக்க வேண்டும். அந்த வலை 2 மீட்டருக்குக் குறைவாக இருக்கக் கூடாது என்பது சட்டம். போட்டி முடிந்ததும் தராசோடு ஆள் வருவார். மொத்த எடை யாருக்கு அதிகமோ அவர் ஜெயித்தார். எடை போட்ட கையோடு மீன்கள் ஆற்றுக்குத் திரும்பிவிடும்.

குளிர்காலப் போட்டிகளில் பெரும்பாலும் சிக்குவது ரோச், டேஸ் போன்ற வெள்ளி நிறச் சின்ன மீன்கள். ஒவ்வொன்றும் 50 கிராம், 100 கிராம் இருந்தாலே நல்ல மீன். சின்னச் சின்ன மீனாகச் சேர்த்துத்தான் கிலோ கணக்குக்கு வர வேண்டும். பைக்கின் கொள்ளை இவ்வளவு வலிப்பதற்கு இதுதான் காரணம்.

பைக் எப்படிப்பட்ட மீன்?

இங்கிலாந்து ஆறுகளின் சொந்த மீன். வெளியிலிருந்து வந்தது அல்ல. நீண்ட உடம்பு, வாத்தின் அலகு போலத் தட்டையான மூக்கு, பச்சை உடம்பில் வெளிர் மஞ்சள் புள்ளிகள். நீர்ச்செடிகளுக்கு நடுவில் அசையாமல் நின்றால் கண்ணுக்கே தெரியாது. நன்கு வளர்ந்த பெண் மீன் ஒரு மீட்டரையும் தாண்டும். ஆண் மீன் அந்த அளவுக்கு வளர்வதில்லை.

பைக் தொலைதூரம் துரத்திப் போகும் மீன் அல்ல. கொக்கு மாதிரி பொறுமையாகக் காத்திருந்து ஒரே பாய்ச்சலில் பிடிக்கும். முதுகுத் துடுப்பு வாலுக்குப் பக்கத்தில் இருப்பது அந்தத் திடீர் வேகத்துக்கு உதவுகிறது. வாய்க்குள் பற்கள் உள்நோக்கிச் சாய்ந்திருக்கும். உள்ளே போனது வெளியே வருவது கஷ்டம். இரையைக் குறுக்காகக் கவ்வி, பிறகு திருப்பி, தலைப்பக்கமாக விழுங்கும்.

இன்னொரு முக்கியமான குணம்: பைக் தன் இனத்தையே தின்னும். பெரிய பைக்குக்குச் சின்ன பைக்கும் ஒரு சாப்பாடுதான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

போட்டி நடக்கும் இடத்தைத் தேடி ஏன் வருகிறது?

வா என்று கூப்பிடுவதே போட்டிதான். ஒவ்வொரு பெக்கிலும் சின்ன மீன்களைக் கூட்ட, ஈப்புழுக்களையும் மாவு உருண்டைகளையும் தண்ணீரில் போட்டுக்கொண்டே இருப்பார்கள். ரோச் கூட்டம் ஓர் இடத்தில் திரளும். கூட்டம் திரண்ட இடத்துக்கு அதைத் தின்னும் மீனும் வரும்.

அடுத்தது, தூண்டிலில் மாட்டிய மீனின் துடிப்பு. மீன்களின் பக்கவாட்டில் தண்ணீரின் அதிர்வை உணரும் உறுப்பு ஒன்று உண்டு. காயம்பட்டதுபோல ஒழுங்கில்லாமல் துடிக்கும் மீன் எங்கே இருக்கிறது என்று பைக்குக்குச் சட்டெனத் தெரிந்துவிடும். மாட்டிய மீனால் தப்பி ஓடவும் முடியாது. பைக்குக்கு இதைவிட எளிதான வேட்டை ஏது?

மூன்றாவது, அந்த கீப்நெட். பல கிலோ மீன்கள் ஒரே இடத்தில் உயிரோடு அடைபட்டிருக்கின்றன. வலைக்கு வெளியிலேயே பைக் காவல் நிற்பதைத் தூண்டில்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். சில நேரம் வலையையே முட்டும்.

குளிர்காலத்தில் இது இன்னும் மோசமாகும். தண்ணீர் குளிர்ந்ததும் ரோச் மீன்கள் ஆறு முழுக்கப் பரவியிருக்காமல், படகுத்துறை, பாலத்தடி போன்ற பாதுகாப்பான சில இடங்களில் நெருக்கியடித்துக்கொள்ளும். பைக்குகளும் அங்கேயே போய்ச் சேரும். நல்ல பெக் என்று எல்லோரும் ஆசைப்படும் இடம்தான் பைக் தொல்லை அதிகமுள்ள இடமாகவும் அமைந்துவிடுகிறது.

எவ்வளவு நஷ்டம்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கு நிமிடத்துக்கு ஒரு மீன் என்று வைத்தால் மணிக்கு 15, ஐந்து மணி நேரத்தில் 75. ஒரு மீன் 50 கிராம் என்றால் மொத்தம் 3.75 கிலோ. நடுவில் பைக் இரண்டு முறை வருகிறது. ஒவ்வொரு முறையும் ரோச் கூட்டம் கலைந்து திரும்பி வர அரை மணி நேரம் ஆகிறது. ஒரு மணி நேரம் காலி. 15 மீன் போனதில் எடை 3 கிலோவாகிவிடும். சில நூறு கிராம் வித்தியாசத்தில் வெற்றி தோல்வி தீர்மானமாகும் போட்டியில் இது பெரிய அடி.

நரம்பின் கதை வேறு. சின்ன மீன் சந்தேகப்படக் கூடாது என்று முள்ளுக்கு மேலே கட்டும் நரம்பு 0.10 மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லியதாக இருக்கும். அந்தப் பற்களுக்கு முன் இது நூல்கூட இல்லை. கஷ்டப்பட்டு பைக்கையே கரையேற்றினாலும் எடைக்குச் சேர்ப்பார்களா என்பது கிளப்பைப் பொறுத்தது. பல கிளப்களில் பைக் கணக்கில் வராது.

கிளப்புக்கும் இதில் கவலை உண்டு. பல கிளப்கள் நில உரிமையாளரிடம் வாடகை கொடுத்துத்தான் ஆற்றின் ஒரு பகுதியில் மீன்பிடி உரிமை பெறுகின்றன. உறுப்பினர் சந்தா, போட்டிக் கட்டணம் எல்லாம் வந்தால்தான் அந்த வாடகை கட்ட முடியும். இன்னொரு பக்கம், கெண்டை இன மீன்களை நிறைய விட்டு வளர்க்கும் வணிகக் குளங்கள் போட்டிக்காரர்களை இழுக்கின்றன. ஆற்றில் நாள் முழுக்க பைக்கோடு மல்லுக்கட்டி வெறுத்துப்போனவர் அடுத்த வாரம் அங்கே போய்விடுவார்.

அப்போ கொன்றுவிட்டால் என்ன?

ஒரு காலத்தில் அதைத்தான் செய்தார்கள். பைக் என்றாலே களை பிடுங்குவது மாதிரி, பிடித்ததும் கொல்வது பல இடங்களில் வழக்கமாக இருந்தது. ட்ரௌட் மீனுக்காகவே பராமரிக்கப்படும் தென் இங்கிலாந்தின் சுண்ணாம்புப் பாறை ஆறுகளில், ஆற்றுக் காவலர்கள் பைக்கை அகற்றும் வழக்கம் உண்டு. குறுகலான, ஆண்டு முழுக்கக் கண்காணிப்பில் இருக்கும் ஓடையில் அது ஓரளவு பலிக்கலாம். ஆனால் ஒரு தடவை செய்துவிட்டு ஓய முடியாது.

பெரிய நீர்நிலையில் என்ன நடக்கும் என்பதற்கு வின்டர்மியர் ஏரி ஒரு பாடம். இரண்டாம் உலகப் போர் நேரத்தில் உணவுத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க, 1941 முதல் அங்கே பெர்ச் மீன்களைப் பொறி வைத்துப் பிடித்து டின்னில் அடைத்தார்கள். 1944 குளிர்காலத்தில் நன்னீர் உயிரியல் சங்க ஆய்வாளர்கள் பெரிய பைக்குகளையும் வலைபோட்டு அகற்ற ஆரம்பித்தார்கள். அந்த ஆய்வு பல பத்தாண்டுகள் தொடர்ந்தது.

முடிவு என்ன? பெரிய, வயதான பைக்குகள் குறைந்தன. இளம் பைக்குகள் பெருகின. காரணம், முன்னே சொன்ன அந்தக் குணம். சின்ன பைக்கைத் தின்றுகொண்டிருந்த பெரியவை போனதும், சின்னவற்றுக்கு உயிர் பிழைக்கும் வாய்ப்பு கூடிவிட்டது.

போட்டிக்காரர் கோணத்தில் இதை யோசியுங்கள். 10 கிலோ பைக் 50 கிராம் ரோச்சுக்காக அதிகம் அலையாது. பெரிய இரை கிடைத்தால் அதையே விரும்பும். தூண்டிலில் வரும் சின்ன ரோச்சைத் திரும்பத் திரும்பப் பறிப்பது, ‘ஜாக்’ என்று அங்கே அழைக்கப்படும் சின்ன பைக்குகளுக்குக் கச்சிதமான வேலை. ஒரு பெரிய பைக்கை அகற்றிவிட்டு, அதன் இடத்தில் நிறைய ஜாக்குகளை வரவழைத்தால் லாபம் யாருக்கு?

தவிர, ஏரிக்குக் கரை உண்டு. ஆறு ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு கிளப் தன் பகுதியைச் சுத்தம் செய்தாலும், காலியான நல்ல இடத்துக்கு மேலிருந்தோ கீழிருந்தோ வேறு பைக் வந்து சேரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2010-ல் வந்த விதிகளின்படி, இங்கிலாந்து ஆறுகளில் தூண்டில் போடும் ஒருவர் ஒரு நாளைக்கு ஒரே ஒரு பைக்கைத்தான் எடுத்துப்போகலாம். அதுவும் 65 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. பெரியதை உயிரோடு திரும்ப விட்டாக வேண்டும். பெரிய பைக்கை விட்டுவைப்பதுதான் நல்லது என்ற வின்டர்மியர் பாடத்தோடு இது பொருந்திப்போகிறது. மீன்பிடி உரிமை உள்ளவர் சம்மதிக்காவிட்டால் அந்த ஒன்றையும் எடுக்க முடியாது.

பிடித்து வேறு குளத்தில் விட்டுவிடலாமே என்றால், அதற்கும் சுற்றுச்சூழல் முகமையின் அனுமதி வேண்டும். இஷ்டத்துக்கு மீனை இடம் மாற்றினால் நோயும் சேர்ந்து போகும் என்பது ஒரு காரணம். இடம் மாறிய மீன் என்ன செய்யும் என்பதற்கு ஜாண்டர் நல்ல உதாரணம். ஐரோப்பாவிலிருந்து வந்த இந்த வேட்டை மீனின் 97 குஞ்சுகளை 1963-ல் கிரேட் ஊஸ் வெள்ள வடிகாலில் விட்டார்கள். அங்கிருந்து அது கிழக்கு இங்கிலாந்து நீர்வழிகளில் பரவியது. பிறகு அதை ஒழிக்க முயற்சி நடந்தும் பலனில்லை. இன்றும் அங்கே இருக்கிறது.

ஒரே கிளப், இரண்டு கட்சி

சிக்கல் இன்னொன்றும் இருக்கிறது. பைக்கைப் பிடிப்பதற்கென்றே வரும் தூண்டில்காரர்கள் ஏராளம். அக்டோபர் 1-ல் ஆரம்பித்து, ஆற்றில் மீன்பிடி முடியும் மார்ச் 14 வரை அவர்களுடைய சீசன். 9 கிலோவைத் தாண்டும் ஒரு பைக்குக்காக வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள் அவர்கள். பிடித்து, படம் எடுத்து, கவனமாகத் திரும்ப விட்டுவிடுவார்கள்.

ஒருவர் சனியன் என்று திட்டும் மீன் இன்னொருவருக்குப் பொக்கிஷம். இருவரும் அதே கிளப்புக்குத்தான் சந்தா கட்டுகிறார்கள். பைக்கை ஒழிக்கத் தீர்மானம் போட்டால் ஒரு தரப்பு வெளியேறும். கண்டுகொள்ளாமல் விட்டால் மறு தரப்பு முணுமுணுக்கும்.

கரையில் என்ன செய்யலாம்?

அனுபவசாலிகள் பைக்கோடு சண்டை போடுவதைவிட, அதன் வேலையைக் கடினமாக்கப் பார்க்கிறார்கள்.

- இரண்டு இடத்தில் இரை: ஒரே இடத்தில் கொட்டாமல், தள்ளித் தள்ளி இரண்டு இடங்களில் ஈப்புழு போடுவார்கள். ஒன்றில் பைக் வந்தால் மற்றதுக்கு மாறலாம்.
- அளவாக இரை: நிறையக் கொட்டினால் பெரிய கூட்டம் திரளும், பைக்கும் வரும்.
- வேகம்: மீனைத் தண்ணீரில் நெடுநேரம் துடிக்க விடாமல் சீக்கிரம் தூக்கிவிட வேண்டும்.
- பறித்தால் பதறாமல் இருப்பது: பலமுறை முள் ரோச்சின் வாயில்தான் இருக்கும். இறுக்கி இழுக்காமல் இருந்தால் பைக் தானாக விட்டுவிடவும் கூடும்.
- கையோடு கருவி: பைக்கே கரைக்கு வந்துவிட்டால், நீண்ட இடுக்கியால் முள்ளை எடுத்து, ஈரமான விரிப்பில் வைத்து, சட்டென்று திரும்ப விட வேண்டும். முரட்டுத் தோற்றம் இருந்தாலும் கையாள்வதில் தவறினால் எளிதில் செத்துவிடும் மீன் இது.

சில கிளப்கள் போட்டி நாளுக்கு முன்பே பைக் பிடிப்பவர்களை அந்தப் பகுதிக்கு அனுப்புகின்றன. முள்ளில் மாட்டி விடுபட்ட பைக் கொஞ்ச நாள் அடங்கியிருக்கும் என்பது அவர்கள் கணக்கு. இரு கட்சிக்கும் லாபமான ஏற்பாடு.

பழி எல்லாம் பைக் மேல்தானா?

ரோச் குறைந்துவிட்டது என்றதும் முதலில் பைக்கைக் கை காட்டுவது சுலபம். பறிப்பது கண்ணுக்குத் தெரிகிறதே! ஆனால் கண்ணுக்குத் தெரியாத காரணங்களும் உண்டு. இங்கிலாந்து ஆறுகளில் 14 சதவீதம் மட்டுமே நல்ல சூழலியல் நிலையில் இருப்பதாக 2020-ல் வெளியான அதிகாரபூர்வ மதிப்பீடு சொன்னது. கழிவுநீர், வயல்களிலிருந்து வழியும் உரம், ஆற்றின் போக்கை நேராக்கி ஆழப்படுத்தியது எனக் காரணங்கள் நீளும். ரோச் முட்டையிடச் செடி வேண்டும். வெள்ளம் வரும்போது குஞ்சுகள் ஒதுங்க ஆழமற்ற ஓரம் வேண்டும். அவை இல்லாத ஆற்றில் பைக்கை எல்லாம் வாரி எடுத்தாலும் ரோச் பெருகப்போவதில்லை.

இரை இல்லாத ஆற்றில் பைக்கால் பிழைக்க முடியாது. போட்டி நாளில் தூண்டிலைப் பறிக்க அது தவறாமல் வருகிறது என்றால், அந்த ஆற்றில் ரோச் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்குப் பரிசு கை நழுவியவருக்கு இது பெரிய ஆறுதல் இல்லைதான். அந்த ஆற்றில் அடுத்த வருடமும் போட்டி நடத்த நினைக்கும் கிளப்புக்கு, இது நல்ல செய்தி.