பழைய லாரிக்குத் தானியங்கிக் கியரா?

சங்கத்தின் பொது முதலில் வாங்கப்பட்ட லாரி அங்கத்தினர் அனைவருக்கும் உரிய சொத்தாகும். ஆதலின் அதில் பெரிய மாற்றம் எதையும் செய்யுமுன் வரவு செலவு இரண்டையும் எண்ணிப் பார்த்தல் நம் கடமை. பழைய லாரியின் கியர் தேய்ந்து இரையத் தொடங்கியதும், “கைக் கியரைக் கழற்றிவிட்டுத் தானியங்கிக் கியரைப் பொருத்தினால் என்ன?” என்ற பேச்சு எழுவதுண்டு. அது தக்கதா என்பதை இங்கு ஆராய்வோம்.

பல்லவ மன்னன் இராசசிம்மன் எடுப்பித்த குன்றுக் கோயிலாலும், விரிந்த ஏரியாலும் பெயர் பெற்ற பனமலை வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். விழுப்புரத்தைச் சூழ்ந்த இப்பகுதியில் நெல், மணிலா, கரும்பு ஆகியவை பயிராகின்றன. வெட்டிய கரும்பை ஏறத்தாழ 24 மணி நேரத்துக்குள் ஆலையில் பிழிய வேண்டும். காலம் தாழ்ந்தால் எடையும் சர்க்கரைச் சத்தும் குறையும். ஆகவே, அரவைப் பருவத்தில் லாரி பட்டறையில் கிடந்தால் நட்டம் விவசாயியின் தலையிலேயே விழும்.

இரு முறைகளின் இயல்பு

கைக் கியரில் இயந்திரத்தின் சுழற்சியைக் கிளட்ச் உராய்வினால் கியர்ப்பெட்டிக்குக் கொடுக்கிறது. ஓட்டுநர் அதை விடுவித்து, வேண்டிய பற்சக்கரத்தைத் தேர்கிறார். தானியங்கிக் கியரில் கிளட்ச் மிதி இல்லை. அங்கே ‘டார்க் கன்வர்ட்டர்’ என்னும் உறுப்பில் சுழலும் எண்ணெய் அந்த வேலையைச் செய்கிறது. புறப்படும் வேளையில் அது முறுக்கு விசையைப் பெருக்கித் தருவதால், பாரம் ஏற்றிய வண்டி நெகிழ்ந்த வயல் மண்ணிலிருந்து குலுங்காமல் கிளம்பும். ஓட்டுநரின் இடக்காலுக்கும் ஓய்வு கிடைக்கும். இவை மறுக்க முடியாத நன்மைகள்.

எனினும், எண்ணெயின் வழியே செல்லும் ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாகிறது. அதைத் தணிக்கத் தனிக் குளிர்விப்பான் வேண்டும். மின்கலம் இறங்கிவிட்டால், ஆட்கள் கூடித் தள்ளிக் கைக் கியர் வண்டியைக் கிளப்பிவிடலாம். தானியங்கி வண்டியைப் பொதுவாக அவ்வாறு கிளப்ப இயலாது. பழுதுற்றபோது அதன் பின்சக்கரங்கள் தரையில் உருளக் கட்டி இழுத்தால் கியர்ப்பெட்டியே கெடக்கூடும்.

பெட்டி ஒன்றன்று

பலர் எண்ணுவதுபோல் இது ஒரு பெட்டிக்குப் பதில் இன்னொரு பெட்டியை வைக்கும் வேலை அன்று. ஃப்ளைவீலை நீக்கி, டார்க் கன்வர்ட்டரைத் தாங்கும் மெல்லிய தட்டை இட வேண்டும். இயந்திரத்துடன் பெட்டி இணையும் கூட்டின் துளைகள் ஒத்திருத்தல் வேண்டும். பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டம் இடம் மாறும். பின் அச்சுக்குச் செல்லும் ஷாஃப்டின் நீளமும் மாறும். பெட்டியின் விகிதத்துக்கு ஏற்பப் பின் அச்சின் விகிதம் அமையாவிடில், வண்டி இழுக்கத் திணறும் அல்லது எண்ணெயை வீணாகக் குடிக்கும். தானியங்கியிலிருந்து கைக் கியருக்குத் திரும்புவோர், கிளட்ச் மிதியையும் அதன் இணைப்புகளையும் புதிதாக அமைத்தல் வேண்டும். மின்னணுக் கட்டுப்பாடு உள்ள வண்டிகளில் சிக்கல் இன்னும் பெரிது.

உலகில் இதற்கொரு சான்று உண்டு. 1950களில் அமெரிக்கப் படை, இரண்டரை டன் லாரியை இரு வகையாகப் பெற்றது: ரியோ வகை கைக் கியர் கொண்டது, ஜி.எம்.சி. வகை ‘ஹைட்ரமேட்டிக்’ தானியங்கிக் கியர் கொண்டது. தொழிற்சாலையிலேயே தானியங்கிக்கென வடிவமைக்கப்பட்ட பின்னதைக் காட்டிலும், கைக் கியர் வகையே பல பத்தாண்டுகள் பணியில் நிலைத்தது.

சட்டமும் கவனிக்கத்தக்கது. 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களுக்குப் பதிவுச் சான்றிதழ் மாறுபடும்படி வாகனத்தை மாற்றுதலைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. எனவே, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்து மூலம் கேட்டறியாமல் முன்பணம் கொடுத்தலாகாது.

செய்யத் தக்கன

முதலாவது, குறையை ஆராய்க. கிளட்ச் தேய்வு, கியர்த் தண்டின் தளர்வு, தாங்கிகளின் சிதைவு ஆகியவையும் கியர்க் கோளாறுபோலவே தோன்றும். இரண்டாவது, பெட்டியே கெட்டிருப்பின், அதே வகைப் பெட்டியைச் செப்பனிட்டுப் பொருத்துதல் பெரும்பாலும் மலிவு. உதிரி உறுப்பும் தெரிந்த மெக்கானிக்கும் எளிதில் கிடைப்பர். மூன்றாவது, எவ்வேலையாயினும் அரவைப் பருவத்துக்கு முன்பே முடித்துவிடுக. நான்காவது, தானியங்கி கட்டாயம் வேண்டுமெனில், ஆலையிலிருந்தே அவ்வாறு வரும் வண்டியை அடுத்த முறை வாங்குக.

இந்தக் கணக்கை நிர்வாகக் குழு அங்கத்தினர் முன் வைத்துத் தீர்மானம் நிறைவேற்றிய பின்னரே பட்டறைக்கு லாரியை அனுப்புதல் முறை. பலர் உழைப்பில் சேர்ந்த பொருளுக்கு நாம் செய்யும் மரியாதை அதுவே.