வீட்டுக் கணினிக்குச் செலவில்லாத காவல்: தேர்ந்தெடுப்பது எப்படி?

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் குடும்பத்தின் பையில் முன்பெல்லாம் மருந்துச் சீட்டும் எக்ஸ்-ரே உறையும் மட்டுமே இருக்கும். இன்று அவற்றோடு ஸ்கேன் குறுந்தகடு, பென் டிரைவில் பதிந்த பரிசோதனை அறிக்கைகள், காப்பீட்டுக்கு அனுப்ப வேண்டிய பிடிஎஃப் கோப்புகள் ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன. இவை யாவும் இறுதியில் வந்து சேரும் இடம் வீட்டுக் கணினி. கப்பலில் பணிபுரியும் மகனுடன் பேசுவதும், வங்கிக் கணக்கைப் பார்ப்பதும், பிள்ளைகள் பாடம் படிப்பதும் பெரும்பாலும் அதே கணினியில்தான்.

தந்தையின் நீண்டநாள் சிகிச்சைக்குத் துணைநிற்கும் ஒரு மகளிடம் பழைய அறிக்கைகளைக் கேட்டோம். மடிக்கணினியில் ஒரு கோப்பும் திறக்கவில்லை என்று அவர் கண்கலங்கினார். ‘உங்கள் கணினியில் வைரஸ் உள்ளது’ என்று திரையில் தோன்றிய எச்சரிக்கையை நம்பி, அது காட்டிய ‘இலவச நீக்கி’யைப் பதிவிறக்கியிருக்கிறார். அந்த நீக்கியே கோப்புகளைப் பூட்டிவிட்டது. எங்கள் பதிவேட்டில் இருந்த அறிக்கைகளை மீண்டும் அச்சிட்டுத் தர எங்களால் முடிந்தது. வெளியூரில் எடுத்த ஒரு ஸ்கேனை மட்டும் மறுபடியும் எடுக்க நேர்ந்தது. பணச்செலவு ஒருபுறம், நோயுற்றவருக்கு இன்னொரு நாள் அலைச்சல் மறுபுறம். அவரைப்போல் இன்னொருவர் வருந்தக்கூடாது என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

இது சிறிய செய்தி அன்று

2017 மே 12 அன்று ‘வான்னாக்ரை’ என்னும் பிணைப்பணத் தீநிரல் உலகெங்கும் பரவியது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் பல முடங்கின. ஏறத்தாழ 19,000 மருத்துவச் சந்திப்புகள் கைவிடப்பட்டிருக்கலாம் என்னும் மதிப்பீட்டை அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகத்தின் அறிக்கை எடுத்துரைத்தது. அதே ஆண்டு ஜூனில் ‘நாட்பெட்யா’ என்னும் மற்றொரு தீநிரல் மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தின் ஒரு முனையத்தை முடக்கியது. 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சேவையகங்கள் தாக்கப்பட்டு, பல நாள்கள் பதிவுகளைக் கையால் எழுத வேண்டியிருந்தது.

வான்னாக்ரை நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, 2017 மார்ச்சில் வெளியிட்டிருந்தது. அதை நிறுவாத கணினிகளே அகப்பட்டன. ஆகவே, எந்தக் காவல் மென்பொருளைத் தேர்ந்தெடுத்தாலும், விண்டோஸ் ‘அப்டேட்’ கேட்கும்போது அதை ஒத்திப்போடாதிருப்பதே முதல் மருந்து.

முதலில், கையில் இருப்பதைப் பாருங்கள்

இலவசக் காவல் மென்பொருளைத் தேடி இணையத்தில் அலையத் தேவையில்லாத குடும்பங்களே மிகுதி. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ‘மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர்’ உள்ளேயே அமைந்துள்ளது. அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. நாள் கடந்து காலாவதியாவதும் இல்லை.

அது விழித்திருக்கிறதா என்று அறிய, ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ என்று தேடுங்கள். திறக்கும் பக்கத்தில் ஒவ்வொரு பகுதியிலும் பச்சைக் குறி இருந்தால் நலம். மஞ்சள் அல்லது சிவப்புக் குறி இருந்தால், அங்கேயே என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கும். அதே செயலியில் ‘ரான்சம்வேர் புரொடெக்‌ஷன்’ என்னும் பகுதியும் உண்டு. அதை இயக்கினால், அறிமுகமில்லாத நிரல்கள் உங்கள் ஆவணக் கோப்புறைகளில் கைவைப்பதைத் தடுக்கும். மருத்துவ அறிக்கைகளைக் கணினியில் வைத்திருப்போருக்கு இது மிகவும் பயன்படும்.

புதிதாக வாங்கிய மடிக்கணினியில் வேறொரு நிறுவனத்தின் காவல் மென்பொருள் சோதனைக் காலத்துக்கு மட்டும் நிறுவப்பட்டு வருவதுண்டு. அது இயங்கும்வரை டிஃபெண்டர் ஒதுங்கி நிற்கும். சோதனைக் காலம் முடிந்த பின் பணம் கட்டும் எண்ணம் இல்லையெனில், அந்த மென்பொருளை முழுவதுமாக நீக்கிவிடுங்கள். டிஃபெண்டர் மீண்டும் காவலுக்கு வந்துவிடும். காலாவதியான காவல்காரரை வாசலில் நிறுத்திவைப்பதில் பயனில்லை.

வேறொன்று வேண்டுமெனில்

இலவசப் பதிப்பு தரும் நிறுவனங்கள் பல உள்ளன. அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நான்கு கேள்விகள் போதும்.

ஒன்று: நடுநிலையாளர் எவரேனும் சோதித்திருக்கிறார்களா? ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் ஆகிய ஆய்வு நிறுவனங்கள் இத்தகைய மென்பொருள்களைத் தொடர்ந்து சோதித்து முடிவுகளை யாவரும் காண வெளியிடுகின்றன. விளம்பரத்தை விட்டுவிட்டு அம்முடிவுகளைப் பாருங்கள்.

இரண்டு: எங்கிருந்து பதிவிறக்குகிறோம்? தயாரித்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே. தேடலில் முதலில் தோன்றும் விளம்பர இணைப்பும், நண்பர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கோப்பும், ‘கிராக்’ செய்த கட்டணப் பதிப்பும் வேண்டா. களவாடிய காவல் மென்பொருளுக்குள்ளேயே தீநிரலை ஒளித்து வைப்பது பழகிப்போன வழக்கம்.

மூன்று: இலவசத்துக்கு ஈடாக எதைக் கேட்கிறது? அவாஸ்ட் நிறுவனத்தின் கதை இதற்குப் பாடம். அந்நிறுவனம் பயனாளர்கள் பார்த்த இணையப் பக்கங்களின் விவரங்களைத் திரட்டி, ‘ஜம்ப்ஷாட்’ என்னும் துணை நிறுவனம் வழியாக விற்றது என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் குற்றஞ்சாட்டியது. ஜம்ப்ஷாட் 2020இல் மூடப்பட்டது. 2024 பிப்ரவரியில் ஆணையம் 1.65 கோடி டாலர் செலுத்துமாறும், விளம்பரத்துக்காக அத்தகைய தரவை விற்கக்கூடாது என்றும் கூறியது. அத்தரவிலிருந்து ஒருவரது உடல்நலக் கவலைகளையும் அறிய முடியும் என்பதை ஆணையம் சுட்டிக்காட்டியது. நள்ளிரவில் ஒரு நோயின் பெயரைத் தேடிப்பார்ப்பவர், அதை எவரோ விலைபேசுவதை விரும்புவாரா? ஆதலால், நிறுவும்போதே ‘தரவைப் பகிர்க’ என்னும் கட்டங்களில் உள்ள குறியை நீக்கிவிடுங்கள். உலாவியில் கூடுதல் நீட்சியைச் சேர்க்கச் சொன்னால் மறுத்துவிடலாம்.

நான்கு: பழைய கணினி அதைத் தாங்குமா? நிறுவிய பின் கணினி தவழத் தொடங்கினால், வீட்டார் எரிச்சலில் அதை அணைத்துவிடுவார்கள். அணைத்துவைத்த காவல் காவலே ஆகாது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒன்றை மட்டுமே நிறுவுங்கள். நம் கடற்கரையில் முத்துக்குளித்த காலத்தில், கல்லைக் கட்டிக்கொண்டு கடலடிக்கு இறங்கியவரின் கயிறு தோணியில் நின்ற ஒருவர் கையில் இருந்தது. இருவர் இருபுறம் இழுத்தால் கீழே இருப்பவரின் பாடு என்னாகும்? இரண்டு காவல் மென்பொருள்களும் அப்படியே. ஒன்றையொன்று ஐயுற்று, கணினியையும் திணறடிக்கும்.

அரசு தரும் இலவசக் கருவிகள்

மத்திய அரசின் கணினி அவசரநிலைக் குழுவான ‘செர்ட்-இன்’, 2017 பிப்ரவரியில் ‘சைபர் ஸ்வச்சதா கேந்திரா’ என்னும் மையத்தைத் தொடங்கியது. இந்திய நிறுவனங்களுடன் இணைந்து உருவாக்கிய தீநிரல் நீக்கிகளை அதன் தளத்தில் இலவசமாகப் பெறலாம். இவை வந்துவிட்ட நோயைக் களையும் கருவிகள். நாள்முழுதும் காவல்நிற்கும் மென்பொருளுக்கு மாற்றாக மாட்டா.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. வீட்டுப் பயனாளர்கள் பதிவுசெய்துகொண்டால் 2026 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்களைப் பெற வழியுண்டு. விண்டோஸ் 11ஐ ஏற்காத பழைய கணினியெனில், லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறலாம். சென்னையிலுள்ள சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ் இலவசமானது, தமிழிலும் பயன்படுத்தலாம்.

நோயாளியின் வீட்டுக்கு உரிய நான்கு பழக்கங்கள்

ஸ்கேன் குறுந்தகட்டையோ பென் டிரைவையோ கணினியில் இட்டதும் திறந்துவிடாதீர்கள். அதன்மீது வலப்பொத்தானை அழுத்தி, ‘ஸ்கேன்’ என்பதைத் தேர்ந்தெடுத்துச் சோதித்த பின் திறவுங்கள். பிரவுசிங் சென்டரில் அச்செடுக்கக் கொடுத்த பென் டிரைவ் வீடு திரும்பியதும் இச்சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள்.

அறிக்கைகளின் ஒரு படியை வெளி ஹார்டு டிஸ்கில் வைத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றிவிடுங்கள். பிணைப்பணத் தீநிரல் இணைப்பிலுள்ள வட்டுகளையும் பூட்டக்கூடியது. அலமாரியில் உள்ளதை அதனால் தொட முடியாது. தாளிலுள்ள மூலங்களை ஒருபோதும் எறிந்துவிடாதீர்கள்.

திரையை மறைத்து ஒலியெழுப்பி, ‘இந்த எண்ணை அழையுங்கள்’ என்று மிரட்டும் எச்சரிக்கை பொய்யானது. மெய்யான காவல் மென்பொருள் தொலைபேசி எண் தந்து அழைக்கச் சொல்லாது. உலாவியை மூடுங்கள், மூடவில்லையெனில் கணினியையே நிறுத்திவிடுங்கள். கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் செயலியை நிறுவச் சொல்பவர் எவராயினும் மறுத்துவிடுங்கள்.

காப்பீட்டுப் பணம் திரும்பக் கிடைக்கும் என்று கூறி வரும் அழைப்புகளிலும் எச்சரிக்கை தேவை. எங்கள் மருத்துவமனையிலிருந்து எவரும் உங்கள் ஓடிபி எண்ணையோ கடவுச்சொல்லையோ கேட்கமாட்டார்கள்.

தவறு நேர்ந்துவிட்டால்

இணைய இணைப்பை உடனே துண்டியுங்கள். பணம் பறிபோயிருந்தால் தாமதியாமல் 1930 என்னும் தேசிய உதவி எண்ணை அழையுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால், பணம் கைமாறுமுன் நிறுத்திவைக்கும் வாய்ப்பு கூடும். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதிவுசெய்யலாம். பூட்டப்பட்ட கோப்புகளுக்காகப் பிணைப்பணம் கட்டாதீர்கள். கட்டினாலும் கோப்புகள் திரும்புமென்னும் உறுதியில்லை.

அறிக்கைகள் தொலைந்துபோனால் கூச்சப்படாமல் எங்களிடம் சொல்லுங்கள். அடுத்த சந்திப்பு நாளன்று மருத்துவர் அறையில் சொல்வதைவிட, முன்கூட்டியே பதிவேட்டுப் பிரிவில் சொன்னால் எங்களிடம் உள்ளவற்றைத் தேடி எடுத்துவைக்க நேரம் கிடைக்கும். ஏமாந்தவர்மேல் பிழையில்லை. படுக்கையருகே உறக்கமின்றி விழித்திருக்கும் ஒருவரின் களைப்பையும் அச்சத்தையுமே இத்தகைய ஏமாற்றுக்காரர்கள் குறிவைக்கிறார்கள். இன்றிரவு பத்து நிமிடம் ஒதுக்கி, அந்தப் பச்சைக் குறி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.