கடல் இல்லாத ஊரின் புயல் கவலை

2018-ஆம் ஆண்டு. தீபாவளி முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அந்தமானுக்கு அருகே வங்கக் கடலில் உருவான தாழ்வு மண்டலம் நவம்பர் 11 அன்று புயலாக வலுத்தது. பெயர்ப் பட்டியலில் இலங்கை கொடுத்திருந்த பெயர் அதற்குக் கிடைத்தது: கஜா. முதலில் வடதமிழகக் கரையை நோக்கி வரும் என்றார்கள். பிறகு கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே எங்கேயும் கரை ஏறலாம் என்றார்கள். நடுக்கடலில் வேகம் குறைந்து, திசை மாறி, அது நாள்களைக் கடத்திக்கொண்டே இருந்தது.

நாகப்பட்டினம் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண் ஏறிக்கொண்டே போனது. அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் விசைப்படகுகளை நெருக்கிக் கட்டினார்கள். ஃபைபர் படகுகளை மேட்டுக்கு இழுத்தார்கள். வலையையும் இன்ஜினையும் வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். 80,000-க்கும் மேற்பட்டோர் முகாம்களுக்குப் போனார்கள். நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையைக் கடந்தது. மணிக்கு 120 கிலோமீட்டர் வரை காற்று வீசியதாக வானிலை ஆய்வு மையம் கணித்தது.

பொதுவாகப் புயல் செய்தி இந்த இடத்தில் முடிந்துவிடும். ‘கரையைக் கடந்தது’ என்று அறிவித்ததும் தொலைக்காட்சியில் அடுத்த செய்தி வந்துவிடும். கஜாவோ கரையைக் கடந்த பிறகுதான் தன் முழுச் சேதத்தையும் செய்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. தஞ்சாவூர், புதுக்கோட்டை, திருச்சி, திண்டுக்கல் மாவட்டங்கள் வழியே மேற்கே நகர்ந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையையும் தாண்டி அரபிக்கடலில் இறங்கியது. கடற்கரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதால் புயல் நமக்கில்லை என்று நினைத்தவர்கள் அன்று காலை மரம் விழுந்த தெருவிலும் மின்சாரம் இல்லாத வீட்டிலும் விழித்தார்கள்.

பாலக்கரையிலிருந்து பார்த்தால்

திருச்சி பாலக்கரையிலிருந்து நாகப்பட்டினம் ஏறத்தாழ 140 கிலோமீட்டர். பாலக்கரைக்காரர்களுக்கு அது அந்நியமான கரை அல்ல. சகாய மாதா கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களிலிருந்து ஆண்டுதோறும் வேளாங்கண்ணிக்கு நடந்தே போகிறவர்கள் உண்டு. நாகையிலும் வேதாரண்யத்திலும் பெண் கொடுத்த, பெண் எடுத்த குடும்பங்கள் உண்டு. காந்தி மார்க்கெட்டுக்கு வரும் வாழைத்தாரும் தேங்காயும் காவிரிப் படுகையின் விளைச்சல். ஆகவே ஒவ்வொரு நவம்பரிலும் இங்கிருந்து அங்கே போன் போகிறது. “அங்க காத்து எப்படி இருக்கு மாமா? நீங்க எல்லாரும் பேசாம இங்க கிளம்பி வந்துடுங்க.”

அந்த அழைப்பில் உறவுக்காரர்களைப் பற்றிய பயம் இருக்கிறது. ஆனால் அழைக்கிற ஊரும் பத்திரமான ஊர் அல்ல. அதை 1977 காட்டியது.

அந்த ஆண்டு நவம்பர் 12 அதிகாலை நாகப்பட்டினத்துக்குச் சற்றுத் தெற்கே கடும் புயல் ஒன்று கரையைக் கடந்தது. தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை ஆகிய மூன்று ஊர்களிலுமே மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசியதாக வானிலைத் துறைப் பதிவுகள் சொல்கின்றன. மூன்றில் ஒன்றுகூடக் கடற்கரை ஊர் அல்ல. அந்தப் புயலில் 560 பேர் இறந்தார்கள். பத்து லட்சம் பேர் வீடிழந்தார்கள். திருச்சியில் கோரையாறும் குடமுருட்டியும் பொங்கி நகருக்குள் புகுந்தன. ஊரின் மூத்தவர்கள் இன்றும் வயதையும் கல்யாணத்தையும் “வெள்ளம் வந்த வருஷத்துக்கு முன்னாடியா, பின்னாடியா” என்று கணக்குப் போட்டுச் சொல்கிறார்கள் என்றால் அதற்கு இதுதான் காரணம்.

கடலில் சூடு ஏறினால்

புயலுக்குத் தீனி வெதுவெதுப்பான கடல். மேற்பரப்பு நீரின் வெப்பம் சுமார் 26.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால்தான் புயல் உருவாகி நிலைக்க முடியும். சூடான நீர் ஆவியாகி மேலே எழுகிறது, உயரத்தில் குளிர்ந்து மழையாகிறது, அப்போது வெளிப்படும் வெப்பம் சுழற்சியை மேலும் முடுக்குகிறது. நிலத்துக்குள் வந்ததும் இந்தத் தீனி நின்றுபோவதால் புயல் தளர்கிறது. ஆனால் எவ்வளவு வலுவோடு கரை ஏறுகிறதோ, அவ்வளவு தூரம் உள்ளே வரும்.

கடல் சூடாகியிருக்கிறது என்பதில் ஐயமில்லை. 1951 முதல் 2015 வரை வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு சராசரியாக ஒரு டிகிரி சூடேறியிருப்பதாக மத்திய புவி அறிவியல் அமைச்சகம் 2020-இல் வெளியிட்ட மதிப்பீட்டு அறிக்கை சொல்கிறது. அதே அறிக்கையில் பலரும் எதிர்பார்க்காத செய்தி ஒன்றும் இருக்கிறது. வட இந்தியப் பெருங்கடலில் ஓர் ஆண்டில் உருவாகும் புயல்களின் எண்ணிக்கை கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து குறைந்திருக்கிறது. கூடியிருப்பது மிகக் கடும் புயல்கள். அதுவும் 2000-க்குப் பிறகு, நமக்கு வடகிழக்குப் பருவமழை பெய்யும் அதே மாதங்களில்.

“அந்தக் காலத்துல வராத புயலா?” என்று கேட்பவர்களுக்கு இதில் பதில் இருக்கிறது. புயல் அந்தக் காலத்திலும் வந்தது. 1952-இலும் 1955-இலும் நாகை, வேதாரண்யம் பகுதி அடிபட்டது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடி என்ற ஊரே அழிந்தது. ஆகவே கஜா என்ற ஒரு புயலைக் காட்டி, இது பருவநிலை மாற்றத்தால்தான் வந்தது என்று சொல்வது சரியாகாது. மாறியிருப்பது புயல் வரும் சூழல். கடலில் சூடு கூடுதல். காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும் என்பதால் மழையும் கூடுதல். வட இந்தியப் பெருங்கடலின் மட்டம் 1993 முதல் 2017 வரை ஆண்டுக்கு 3.3 மில்லிமீட்டர் வீதம் ஏறியிருக்கிறது. அதே வலுவுள்ள புயல் இன்று வந்தால் அதன் அலை ஏற்கெனவே உயர்ந்த கடலின் மீது எழுகிறது.

மழையின் கணக்கு திருச்சிக்கு மிக நெருக்கமானது. 2008 நவம்பரில் காரைக்கால் அருகே கரை ஏறிய நிஷா, காற்றால் பெயர்பெற்ற புயல் அல்ல. ஆனால் தஞ்சை மாவட்டம் ஒரத்தநாட்டில் ஒரே நாளில் சுமார் 66 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. பல ஊர்களுக்கு அது ஓர் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல். 2024 நவம்பர் இறுதியில் புதுச்சேரி அருகே வந்த ஃபெஞ்சல் நகர மறுத்து நின்றதால் விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் பெய்தது. புயல் திருச்சிக்கு மேற்கே, மணப்பாறைப் பக்கத்துக் குன்றுகளின் மேல் இப்படி ஒரு நாள் நின்றால் அந்தத் தண்ணீர் கோரையாற்றில் இறங்கும். கோரையாறும் குடமுருட்டியும் உய்யக்கொண்டான் வாய்க்காலும் நகருக்குள் பின்னிக் கிடப்பவை. பாலக்கரை வழியாக ஓடும் உய்யக்கொண்டான் சோழர் காலத்தில் பாசனத்துக்காக வெட்டப்பட்டது. இன்று நகரத்தின் கழிவுநீரையும் குப்பையையும் அதே வாய்க்கால் சுமக்கிறது.

மேற்கே வெள்ளம், கிழக்கே புயல்

கஜா வந்த அதே 2018-இல், மூன்று மாதம் முன்பு, திருச்சி வேறொரு பக்கத்திலிருந்து அடி வாங்கியிருந்தது. கேரளத்தையும் குடகையும் புரட்டிய தென்மேற்குப் பருவமழையில் மேட்டூர் அணை நிரம்பி வழிந்தது. காவிரியும் கொள்ளிடமும் கரை தொட்டு ஓடின. ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடத்தின் மேல் 1928-இல் கட்டப்பட்ட பழைய இரும்புப் பாலத்தின் ஒரு பகுதி ஆகஸ்ட் மாதம் ஆற்றில் விழுந்தது. சில நாள்களிலேயே, ஆகஸ்ட் 22 இரவு, முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. ஆர்தர் காட்டன் 1836-இல் கட்டிய அணை அது.

காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிவது முக்கொம்பில்தான். பாசனத்துக்கு வேண்டிய தண்ணீர் காவிரியில் போகும், மிஞ்சிய வெள்ளம் கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போகும். இந்த ஏற்பாட்டை நம்பித்தான் இரண்டு ஆறுகளுக்கு நடுவே ஸ்ரீரங்கம் தீவு இருக்கிறது, தஞ்சை நெல்வயல்கள் இருக்கின்றன. ஆனால் எந்த வெள்ளமும் கடைசியில் கடல் வாங்கிக்கொண்டால்தான் வடியும். புயல் நேரத்தில் கடல் பொங்கி முகத்துவாரத்தை அடைத்தால், வடிய வேண்டிய தண்ணீர் வயலிலேயே தேங்கும். கடல்மட்டம் ஏற ஏற இந்தத் தேக்கம் நீளும். கொள்ளிடத்தின் கடைமடையில் கடல்நீர் ஆற்றுக்குள் ஏறுவதாக விவசாயிகள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். மேற்கில் மழை அதிகமானாலும் கிழக்கில் கடல் உயர்ந்தாலும் இடையில் மாட்டிக்கொள்வது காவிரிப் படுகை. அந்தப் படுகையின் தலைவாசல் திருச்சி.

பிழைத்த பிறகு

ஒன்றில் தமிழகமும் இந்தியாவும் வெகுதூரம் முன்னேறியிருக்கின்றன. 1977-இல் நாகைப் புயல் வந்து ஒரே வாரத்தில், நவம்பர் 19 அன்று, ஆந்திரத்தின் திவிசீமாவைத் தாக்கிய புயலில் பத்தாயிரம் பேர் அளவுக்கு மாண்டார்கள். 1999-இல் ஒடிசாவிலும் ஏறத்தாழ அதே அளவு. 2013-இல் அதே ஒடிசாவுக்குப் பைலின் வந்தபோது முன்கூட்டியே லட்சக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டதால் இறப்பு ஐம்பதைத் தாண்டவில்லை. செயற்கைக்கோள், காரைக்கால் ராடார், கடலோரத்தில் கட்டப்பட்ட பல்நோக்குப் பாதுகாப்பு மையங்கள், வானிலை ஆய்வு மையத்தின் ரமணன் தொலைக்காட்சியில் தோன்றினாலே வீட்டில் எல்லாரும் பேச்சை நிறுத்திய காலம், இன்று கைபேசியில் மணிக்கு மணி வரும் படங்கள் என எல்லாம் சேர்ந்து உயிரைக் காத்திருக்கின்றன.

இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. 2017 நவம்பர் 30 அன்று குமரிக் கடலில் ஒக்கி மிகக் குறுகிய நேரத்தில் புயலாக வலுத்தது. பல நாள்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்த மீனவர்களுக்குச் செய்தி எட்டவில்லை. நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. கடல் சூடேறச் சூடேற, புயல் திடீரென வலுப்பது அதிகமாகலாம் என்று அறிவியலாளர்கள் கவலைப்படுவது இதனால்தான். எச்சரிக்கை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், கிடைக்கும் நேரம் சுருங்கினால் பயன் குறைந்துவிடும்.

உயிர் தப்பியவர்களின் வாழ்க்கை வேறு கதை. கஜாவில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முன்னேற்பாடு இல்லாவிட்டால் அது பல மடங்காகியிருக்கும். ஆனால் ஏறத்தாழ ஒரு லட்சம் மின்கம்பங்கள் சேதமாயின, கேரளத்திலிருந்தும்கூட மின்ஊழியர்கள் வந்து உதவினார்கள். வேதாரண்யம் அருகே புஷ்பவனத்தில் கடல், வீடுகளுக்குள் கறுப்புச் சேற்றைக் கொண்டுவந்து நிரப்பியது. கோடியக்கரைக் காட்டில் மான்கள் செத்தன. முத்துப்பேட்டை அலையாத்திக் காடு சிதைந்தது.

தென்னைக்காரர்களின் இழப்பு இன்னும் ஆழமானது. நட்ட கன்று காய்க்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். நாட்டுத் தென்னை அறுபது ஆண்டுக்கு மேல் காய்க்கும். விழுந்த ஒரு மரத்துக்கு 600 ரூபாயும் அதை வெட்டி அகற்ற 500 ரூபாயுமாக அரசு 1,100 ரூபாய் அறிவித்தது. மகளின் கல்யாணத்துக்கும் மகனின் படிப்புக்கும் தோப்பை நம்பியிருந்த குடும்பத்துக்கு அது எத்தனை மாதத்துக்குப் போதும்? தமிழக அரசு மத்திய அரசிடம் சுமார் 15,000 கோடி ரூபாய் கேட்டது. தேசியப் பேரிடர் நிதியிலிருந்து ஒதுக்கப்பட்டது 1,146 கோடி.

சில பாடங்கள் செயலாகியிருக்கின்றன. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, கடலூர் போன்ற இடங்களில் மின்கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோகும் திட்டம் எடுக்கப்பட்டது. முக்கொம்பில் உடைந்த மதகுகளுக்குப் பதிலாகக் கொள்ளிடத்தில் புதிய கதவணை கட்டப்பட்டிருக்கிறது. திருச்சியிலேயே தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பலத்த காற்றில் முதலில் சாய்வது வாழை என்பதால், லால்குடி, தொட்டியம் விவசாயிகள் காற்றுத் தடுப்பு மரவேலியையும் குட்டை ரகங்களையும் பற்றிக் கேட்க அவர்களுக்கு அது பக்கத்திலேயே உள்ள இடம்.

உள்நாட்டு நகரங்களுக்கான ஏற்பாடு இந்த அளவுக்கு இல்லை. கடலோரக் கிராமத்தில் எந்தப் பள்ளிக்கூடம் முகாம், யார் படகு எண்ணைக் குறிப்பார், யார் முதியவர்களைத் தூக்குவார் என்பது வரை பட்டியல் இருக்கிறது. பாலக்கரையிலோ உறையூரிலோ வசிப்பவருக்கு, கோரையாறு பெருகினால் எந்தத் தெரு முதலில் மூழ்கும், எங்கே போக வேண்டும் என்று தெரியுமா? உய்யக்கொண்டான் கடைசியாக எப்போது முழு நீளத்துக்கும் தூர்வாரப்பட்டது? 1977-இல் தண்ணீர் நின்ற மட்டம் எந்தச் சுவரிலாவது குறிக்கப்பட்டிருக்கிறதா? பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. மாநகராட்சியும் நீர்வளத் துறையும் வார்டு வாரியாக இதற்குப் பதில் சொல்ல ஆகஸ்டும் செப்டம்பரும் இருக்கின்றன. கேட்க வேண்டியது அந்தந்த வார்டின் மக்கள்.