உங்களுக்குத் தெரியுமா? வகை பிரிப்பதில் தஞ்சாவூரை மிஞ்ச ஆளில்லை!

பெரிய கோயிலுக்கு வந்த முத்துகளைச் சோழர்கள் சும்மா எண்ணி மட்டும் வைக்கவில்லை. வகை பிரித்தார்கள்! வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம், பயிட்டம், அம்புமுது, கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து, குளிர்ந்த நீர், சிவந்த நீர்... மூச்சு வாங்குகிறதா? மொத்தம் 13! அத்தனையும் கல்வெட்டில்!

ஒரு குறும்பு கவனித்தீர்களா? வட்டமும் இரட்டையும் வடிவம். குளிர்ந்த நீரும் சிவந்த நீரும் ஒளியும் நிறமும். இரண்டு பண்புகள், ஒரே பட்டியல்! இன்றைய புள்ளியியல் வாத்தியார் பார்த்திருந்தால் சிவப்பு மையால் சுழித்து, "இருவழி அட்டவணை போடு!" என்றிருப்பார்!

சரி, இந்த 13 வகைக்கும் சராசரி முத்து எது? கிடையாது! வகைகளுக்குச் சராசரியே கிடையாது. எந்த வகை அதிகம் என்று வேண்டுமானால் கேட்கலாம். அதற்குப் பெயர் முகடு!

அதே கோயிலில் ஒரு விளக்கு எரிய தினம் ஓர் உழக்கு நெய். அதற்கு எத்தனை கால்நடை விட வேண்டும்? ஆடு என்றால் 96. பசு என்றால் 48. எருமை என்றால் வெறும் 16! அதாவது ஓர் எருமைக்கு 3 பசு, 6 ஆடு! ஆட்டையும் மாட்டையும் எப்படி ஒப்பிடுவது என்று நாம் தலையைச் சொறிவோம். அவர்கள் நெய்யை வைத்து ஒப்பிட்டுவிட்டார்கள்!

ராஜராஜன் கோயில் பணிக்காகக் குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்கள் 400 பேர். ஆளுக்கு ஒரு வீடு. ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். 400 பேரின் பெயருக்கு முன்னாலும் 'நக்கன்'! நூற்றுக்கு நூறு! ஆளை அடையாளம் காண அந்த ஒட்டு எதற்கும் உதவாது. அதனால்தானோ என்னவோ, எந்தத் தெரு, எந்தச் சிறகு (அதாவது வரிசை), எத்தனையாவது வீடு என்று முகவரியோடு கல்லில் வெட்டிவிட்டார்கள். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய வீட்டு எண்!

வரி போடும்போதும் இதே வகை பிரிக்கும் கதைதான். ஊர் நத்தம் தனி. குளம் தனி. குறுக்கே ஓடும் வாய்க்கால் தனி. சுடுகாடு தனி. எல்லாவற்றையும் கழித்த பிறகு மிஞ்சும் நிலத்துக்குத்தான் வரி.

இப்படிப்பட்ட சோழர் கல்வெட்டுகளை அள்ளிப்போட்டு எண்ணியவர் யார் தெரியுமா? ஒரு ஜப்பான்காரர்! நொபுரு கராஷிமா. காவிரிக்கரையின் அல்லூரையும் ஈசானமங்கலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நிலம் யார் கையில்? பிராமண ஊரான ஈசானமங்கலத்தில் தனித்தனி ஆட்கள் கையில். வேளாண் ஊரான அல்லூரில் ஊரார் பொதுவில்! பிறகு ஆய்வாளர்கள் எ. சுப்பராயலுவோடும் மட்சுயியோடும் சேர்ந்து சோழர் கல்வெட்டுப் பெயர்களையெல்லாம் அடைவாக்கினார். 1978இல் வெளியானது. 3 தொகுதி! சுப்பராயலு யார் என்கிறீர்களா? தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர்!

சோழர் கணக்கு போதும், நம் காலத்துக்கு வருவோம். 2011 மக்கள்தொகைக் கணக்கு. தஞ்சாவூர் மாவட்டத்தில் ஆண்கள் 11,82,416. பெண்கள் 12,23,474. "பெண்கள் 50.85 சதவீதம்" என்றால் கொட்டாவி வரும். "1,000 ஆணுக்கு 1,035 பெண்" என்றால் நிமிர்ந்து உட்காருவோம். "41,058 பெண்கள் அதிகம்" என்றால் வாயைப் பிளப்போம். மூன்றும் ஒரே கணக்கு!

சென்னையில் பெண்கள் தஞ்சையைவிட 10 லட்சத்துக்கும் மேல் அதிகம். ஆனால் 1,000 ஆணுக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். 989தான்! தமிழ்நாட்டுக்கு 996. நாட்டுக்கே 943. மாநிலத்தில் தஞ்சையை முந்தியது நீலகிரி மட்டும். 1,042!

எண்ணியதைப் படமாகவும் போடலாமே! வட்ட விளக்கப்படம் முதன்முதலில் அச்சேறியது 1801. போட்டவர் வில்லியம் பிளேஃபேர். அப்போது தஞ்சை அரியணையில் இரண்டாம் சரபோஜி!

அந்த வட்டத்தில் காவிரியைப் போட்டுப் பார்ப்போமா? மொத்தம் 740 டி.எம்.சி. 2007இல் நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்குக் கொடுத்தது 419. அதாவது 204 டிகிரி. 2018இல் உச்ச நீதிமன்றம் அதை 404.25 ஆக்கியது. 197 டிகிரி. போனது ஏழே டிகிரி. கடிகாரத்துப் பெரிய முள் ஒரு நிமிடத்தில் நகர்வதைவிடச் சற்றே அதிகம்! வட்டத்தில் பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. டெல்டா விவசாயியிடம் சொல்லிப் பாருங்கள், 14.75 டி.எம்.சி. என்றால் என்னவென்று அவர் சொல்வார்!

புதுச்சேரியின் பங்கு 7 டி.எம்.சி. மூன்றரை டிகிரிகூட இல்லை!

மறுபடி வகை பிரிப்புக்கே வருவோம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு இரண்டே சாதி. சன்னரகம், பொதுரகம். அரிசியின் நீளத்தை அகலத்தால் வகுங்கள். 2.5 வந்தால் சன்னம். 2.49 வந்தால் பொது! மயிரிழை வித்தியாசம். 2024-25இல் மத்திய அரசு விலை குவிண்டாலுக்குச் சன்னரகம் 2,320 ரூபாய், பொதுரகம் 2,300. அந்த மயிரிழைக்கு 20 ரூபாய்!

ஆடுதுறை 36, ஆடுதுறை 37, ஆடுதுறை 38. எண் மாதிரி தெரியும். எண் அல்ல, பெயர்! 37 இட்லிக்குப் போகும் குண்டு நெல். 36ஐயும் 38ஐயும் சேர்த்து இரண்டால் வகுத்தால் காகிதத்தில் 37 வரும். களத்தில் வருவது வெறும் கலப்பு நெல்! சன்னரகத்தில் கீழ்ரகம் கலந்திருக்க அனுமதி எவ்வளவு தெரியுமா? 6 சதவீதம்தான்!