மின் கித்தாரின் ஒலியளவுக் கட்டுப்பாடு

மின் கித்தாரின் ஒலியளவுக் கட்டுப்பாடு என்பது, கம்பிகளின் அதிர்விலிருந்து பிக்கப் உருவாக்கும் மின் சைகையில் எவ்வளவு பங்கு பெருக்கிக்குச் செல்லவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் மாறுதடை ஆகும். கித்தாரில் அடிக்கடி பழுதாகும் உறுப்புகளுள் இதுவும் ஒன்று. எனினும், இதில் ஏற்படும் கோளாறுகள் பலவற்றை உறுப்பை மாற்றாமலேயே சரிசெய்யலாம்.

அமைப்பு

மாறுதடையின் உள்ளே குதிரைலாட வடிவில் ஒரு கரிமத் தடம் உள்ளது. குமிழைத் திருப்பும்போது அச்சுடன் இணைந்த உலோகத் தொடுமுனை இத்தடத்தின் மீது உரசி நகர்கிறது. பொதுவாக ஓர் ஓரமுனை பிக்கப்புடனும், நடுமுனை வெளியீட்டுடனும், மற்ற ஓரமுனை புவியிணைப்புடனும் இணைக்கப்படும்.

ஃபென்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் போன்ற ஒற்றைச் சுருள் பிக்கப் உடைய கித்தார்களில் 250 கிலோ ஓம் மாறுதடைகளும், கிப்சன் லெஸ் பால் போன்ற ஹம்பக்கர் பிக்கப் உடையவற்றில் 500 கிலோ ஓம் மாறுதடைகளும் பொதுவாகப் பயன்படுகின்றன. தடை குறையக் குறைய உயர் அதிர்வெண்கள் இழக்கப்பட்டு ஒலி மங்கும்.

கோளாறுகளும் காரணங்களும்

* கரகரப்பு: தடத்தில் தூசியோ ஆக்சைடோ படிந்திருத்தல்.
* ஓரிடத்தில் மட்டும் ஒலி அற்றுப்போதல்: அவ்விடத்தில் தடம் தேய்ந்திருத்தல்.
* குமிழை முழுதும் குறைத்தும் ஒலி நிற்காமை: புவியிணைப்பு முனையின் பற்றாசு விட்டுப்போதல்.
* குமிழுடன் மாறுதடை முழுவதும் சுழலுதல்: மேல்மரை தளர்ந்திருத்தல். இதைக் கவனியாது விட்டால் உள்ளே கம்பிகள் முறுக்குண்டு அறும்.

ஒலியளவைக் குறைக்கும்போது உயர் அதிர்வெண்களும் சேர்ந்து குறைவது பழுதன்று. மாறுதடையும் இணைப்பு வடத்தின் மின்தேக்குதிறனும் சேர்ந்து செயற்படுவதால் நிகழும் இயல்பான விளைவு அது. பிக்கப் முனைக்கும் நடுமுனைக்கும் இடையே ஏறத்தாழ 0.001 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியை இணைத்து இதனைக் குறைக்கலாம்.

சோதித்தல்

மல்டிமீட்டரால் ஓரமுனைகளுக்கு இடையிலான தடையை அளக்கலாம். குறிப்பிட்ட மதிப்பிலிருந்து 20 விழுக்காடு வரையிலான வேறுபாடு இயல்பானது. ஆனால் மின்சுற்றில் இணைந்த நிலையில் அளந்தால், இணையாக உள்ள பிக்கப் சுருளின் காரணமாகச் சில கிலோ ஓம்களே காட்டும். இதைக் கண்டு நல்ல மாறுதடையைப் பழுதென்று கழிப்பதுண்டு. எனவே பிக்கப் கம்பியைப் பிரித்த பின்னரே அளக்க வேண்டும்.

தூய்மையாக்கல்

கித்தாரைப் பெருக்கியிலிருந்து பிரித்து, மாறுதடைகளுக்கு ஏற்ற மின்தொடுகைத் தூய்மையாக்கியை முனைகளின் அருகிலுள்ள இடைவெளி வழியே சிறிதளவு தெளிக்க வேண்டும். பின் அச்சை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை 20 அல்லது 30 முறை திருப்பவேண்டும். படிவினால் வந்த கரகரப்பு பெரும்பாலும் இதனால் நீங்கும். தேய்ந்த தடத்தை இம்முறை சீராக்காது.

மாற்றுதல்

புதிய மாறுதடையின் மதிப்பு, தடை மாறும் விதம், அச்சின் தடிப்பு ஆகியவை பொருந்த வேண்டும். மடக்கை வகையில் ஒலி படிப்படியாகக் கூடுவதாகக் காது உணரும். நேரியல் வகையில் குமிழைக் குறைக்கும்போது தொடக்கத்தில் மாற்றம் சிறிதாகவே தோன்றி, இறுதியில் ஒலி சட்டெனக் குறைவதுபோல் தோன்றும். கழற்றுமுன் இணைப்புகளை வரைந்து வைத்தல் நன்று. பற்றவைக்கும்போது நெடுநேரம் சூடேற்றினால் கரிமத் தடம் கெடும்.

பழைய கித்தார்கள்

அமெரிக்கத் தயாரிப்பான பழைய மாறுதடைகளின் உறையில் உற்பத்திக் குறியீடு பொறிக்கப்பட்டிருக்கும். சான்றாக, 1376612 என்பதில் 137 சி.டி.எஸ். நிறுவனத்தையும், 66 என்பது 1966ஆம் ஆண்டையும், 12 அவ்வாண்டின் 12ஆவது வாரத்தையும் குறிக்கும். உறுப்பு மூலமானதாயின், கித்தார் அந்நாளுக்கு முன் முழுமையாக்கப்பட்டிருக்க இயலாது. ஆகையால் காலத்தை உறுதிசெய்ய இக்குறியீடு உதவுகிறது. கரகரப்புக்காக இவ்வுறுப்பை அகற்றினால் அச்சான்றும் கித்தாரின் சந்தை மதிப்பில் ஒரு பகுதியும் இழக்கப்படலாம். எனவே பழைய கருவிகளில் முதலில் தூய்மையாக்கிப் பார்ப்பதும், மாற்ற நேர்ந்தால் கழற்றிய உறுப்பைக் கித்தாருடனேயே பாதுகாத்து வைப்பதும் முறையாகும்.