நான்கு வாரம் கடந்த இருமல்

போடிநாயக்கனூரை அடுத்த சிலமலையில் குழந்தை இருமினால், மலைக்காற்றின் மீது பழிபோடுவது எளிது. சாதாரணச் சளியில் வரும் இருமல் பெரும்பாலும் மூன்று வாரங்களுக்குள் தணிந்துவிடும். நான்கு வாரம் கடந்தால் அது நாள்பட்ட இருமல். காரணத்தைத் தேடியே ஆக வேண்டும்.

சீராகப் பாயும் காற்றுக்குக் குழாய் தரும் தடை, ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் அமையும். ஆரம் பாதியானால் தடை 16 மடங்கு! ஆகவேதான் விறகுப் புகையால் உண்டாகும் சிறு வீக்கமும் குழந்தையின் குறுகிய மூச்சுக்குழலை வாட்டுகிறது.

இருமலின் தன்மையே துப்புத் தரும். இரவிலும் ஓடியாடும்போதும் இழுப்புடன் வந்தால் ஆஸ்துமாவாக இருக்கலாம். சளியோடு நீடித்தால் பாக்டீரியாத் தொற்றாகலாம். நிலக்கடலை தின்கையில் புரையேறி, அன்றிலிருந்தே இருமினால் கடலை உள்ளே சிக்கியிருக்கக்கூடும். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

காசநோய்க்கோ நான்கு வாரம் காத்திருக்கலாகாது. இரண்டு வாரம் இருமல் நீடித்தாலே, காய்ச்சலோ எடைக்குறைவோ சேர்ந்தால் இன்னும் விரைவாக, சோதிக்க வேண்டும். சிறு குழந்தைகள் சளியை விழுங்கிவிடுவதால் இரைப்பை நீரை எடுத்துச் சோதிப்பதுண்டு. நோய் உறுதியானாலும் அஞ்ச வேண்டாம். 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு, வீட்டிலிருந்தே மருந்துண்டவர்களும் சானடோரியத்தில் இருந்தோருக்கு இணையாகக் குணமடைந்ததை 1959இல் காட்டிற்று.

ஆகவே, கடையில் இருமல் மருந்து கேட்குமுன் இருமிய நாட்களை எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையை மருத்துவரிடம் சொல்லுங்கள்.