பி.டி. சார் ஆவது எப்படி?



மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு பையன் மலருக்கு எழுதினால் லேத்தைப் பற்றியோ பாய்லரைப் பற்றியோ எழுதுவான் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். எனக்கும் அப்படித்தான் சொல்லப்பட்டது. ஆனால் மூன்று வருஷமாக என் மனசில் சுற்றிக்கொண்டிருப்பது வேறு ஒரு உத்தியோகம். காலை ஆறு மணிக்கு கழுத்தில் விசிலோடு கிரவுண்டில் நிற்கிற பி.டி. சாரின் உத்தியோகம். வருகிற மே மாதம் நம்ம சார் ஓய்வு பெறுகிறார். அதனால் இதை இந்த வருஷமே எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

"பி.டி. சாருக்கு என்னடா வேலை, பந்தைத் தூக்கிக் கொடுத்துட்டு நிழல்ல உக்காந்துக்குவாரு" என்று நம் ஹாஸ்டலில் சொல்வார்கள். முதல் வருஷம் நானும் சொன்னவன்தான். ஸ்போர்ட்ஸ் டேக்கு முதல் நாள் சுண்ணாம்பு போட அவரோடு போனேன். அன்றைக்குத்தான் புத்தி வந்தது.

வாலிபால் கோர்ட் 18 மீட்டருக்கு 9 மீட்டர். மூலை சரியான செங்கோணமாக இருக்க வேண்டும். சார் கையில் செட்ஸ்கொயர் இல்லை, ஒரு கயிறுதான். 3 மீட்டர், 4 மீட்டர், 5 மீட்டர் என்று முக்கோணம் பிடித்தார், மூலை வந்துவிட்டது. பிறகு பாதிக் கோர்ட்டின் குறுக்குக் கோட்டை அளந்து 12.73 மீட்டர் வருகிறதா என்று சரிபார்த்தார். நாம் கணக்கு வகுப்பில் தூங்கின பாடம்!

ஓட்டப் பாதை இன்னும் கஷ்டம். 400 மீட்டர் ஓட்டத்தில் வெளி லேன்காரன் ஏன் முன்னால் நிற்கிறான் என்று நம்மில் பலருக்குத் தெரியாது. வளைவில் வெளியே போகப் போக வட்டம் பெரிதாகும், தூரமும் கூடும். அதைச் சரிக்கட்டத்தான் முன்னால் நிறுத்துகிறார்கள். 1.22 மீட்டர் அகல லேன் என்றால் இரண்டாவது லேன்காரன் 7.04 மீட்டரும், மூன்றாவது லேன்காரன் 14.70 மீட்டரும் முன்னே நிற்க வேண்டும். இதில் ஒரு சாண் தப்பினாலும் ஒருத்தனுடைய உழைப்பு வீண். இதெல்லாம் போக டீம் செலக்‌ஷன், பஸ் ஏற்பாடு, சாப்பாட்டுப் பணக் கணக்கு, ஸ்டாக் ரிஜிஸ்டர், கால் சுளுக்கினவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது எல்லாம் அவர் தலையில்தான். அமெரிக்காவில் சின்னக் கல்லூரிகளின் பேஸ்பால் பயிற்சியாளர் கதையும் ஏறக்குறைய இதுதான். அங்கே மூன்றாம் டிவிஷன் கல்லூரிகள் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கொடுக்கக் கூடாது என்பது விதி. காசு காட்டாமல், பேசித்தான் அவர் பையன்களைச் சேர்க்க வேண்டும்.

அந்த அமெரிக்காவிலிருந்துதான் நம்ம பக்கத்துக்கு இந்த உத்தியோகமே வந்தது என்று சார் சொன்னபோது நான் நம்பவில்லை. நிஜம்தான். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்று ஒரு ஊர். அங்கே ஒய்.எம்.சி.ஏ. நடத்திய பயிற்சிப் பள்ளியில்தான் 1891ல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தார். அதே பள்ளியில் படித்த ஹாரி குரோ பக் என்பவர் 1919ல் சென்னைக்கு வந்தார். 1920ல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கிற கல்லூரி அதுதான். ஆசியாவிலேயே முதல் உடற்கல்விக் கல்லூரி என்று அதைச் சொல்வார்கள். அதற்கு முன்னால் பள்ளிக்கூடங்களில் டிரில் உண்டு. விளையாட்டைச் சொல்லிக்கொடுக்கவே ஒருவர் தனியாகப் படித்து வர வேண்டும் என்ற எண்ணத்தை இங்கே ஊன்றியவர் பக்.

1924ல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய தடகள அணியின் மேனேஜரும் அவரே, பயிற்சியாளரும் அவரே. நம் சென்னை மாகாணத்தின் மலபார் பகுதியைச் சேர்ந்த சி.கே. லட்சுமணன் அந்த அணியில் தடை ஓட்டம் ஓடினார். மெடல் ஒன்றும் வரவில்லை. பக் திரும்பி வந்து பழையபடி வாத்தியார்களை உருவாக்கினார். 1943ல் இறக்கும் வரை இதுவே அவர் வேலை. அவரிடம் படித்தவர்கள் ஊர் ஊராகப் பள்ளிகளுக்குப் போனார்கள். அவர்களிடம் படித்தவர்களிடம் படித்தவர்தான் நம்ம சார் மாதிரி ஒருவராக இருப்பார்.

நெய்ஸ்மித்தைப் பற்றி இன்னொன்று. அவர் பிறகு கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1898 முதல் 1907 வரை கூடைப்பந்து அணியைப் பார்த்துக்கொண்டார். ஜெயித்தது 55, தோற்றது 60. ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரே தோற்ற கணக்குதான் அதிகம்! போன மாதம் நாம் முதல் ரவுண்டிலேயே வெளியே வந்தபோது இதைச் சொல்லித்தான் சார் எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

கேரளத்து ஓ.எம். நம்பியாரையும் சொல்ல வேண்டும். விமானப்படையில் இருந்தவர், பாட்டியாலா விளையாட்டுக் கல்வி நிலையத்தில் பயிற்சியாளர் டிப்ளமா வாங்கினவர். கண்ணூர் பள்ளியில் அவர் பழக்கின சிறுமிதான் பி.டி. உஷா. 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் நூறில் ஒரு பங்கு செகண்டில் உஷாவுக்கு வெண்கலம் போயிற்று. அடுத்த வருஷம் துரோணாச்சார்யா விருதை முதன்முதலில் கொடுத்தபோது வாங்கினவர்களில் நம்பியார் ஒருவர்.

சரி, படிப்புக்கு வருவோம். பி.பி.எட். சேர ஏதாவது ஒரு பட்டமும், 50 சதவீத மார்க்கும், போட்டிகளில் விளையாடின சான்றிதழும் வேண்டும். அது இரண்டு வருஷம். முடித்தால் பள்ளி வேலைக்குப் போகலாம். கல்லூரி வேலைக்கு எம்.பி.எட். இன்னும் இரண்டு வருஷம், 55 சதவீதம், அதற்கு மேல் நெட் அல்லது செட் தேர்வு. நந்தனம் தவிர வண்டலூர் பக்கம் மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. ஒரே ஆட்டத்தில் கோச் ஆக வேண்டும் என்றால் பாட்டியாலா. சான்றிதழ்களை இப்போதே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். நான் முதல் வருஷ சான்றிதழை மழையில் நனைத்துவிட்டுத் தவிக்கிறேன்.

என் கணக்கு இது. லேட்டரல் என்ட்ரியில் பி.இ. மூன்று வருஷம், பி.பி.எட். இரண்டு, எம்.பி.எட். இரண்டு, ஆக ஏழு. இப்போது வயசு 18, முடிக்கும்போது 25. கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனி என்னை டிரெய்னியாக எடுத்திருக்கிறது, ஜூனில் சேர வேண்டும். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டின முதல் ஆள் நான். நைனா ஆர்.கே.பேட்டையில் கூலிக்குத் தறி ஓட்டுகிறார். தங்கச்சி பதினொன்றாவது. ஏழு வருஷம் என்று அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நைனாவிடம் சொன்னேன். "விளையாட்டு காட்டுறதுக்குக் கூடவா படிப்பு?" என்று கேட்டார். கயிறு, முக்கோணம், 12.73 எல்லாம் சொன்னேன். பதில் ஒன்றும் பேசவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நம் கல்லூரியின் கிழிந்த வாலிபால் நெட்டை வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தேன். ஒன்பதரை மீட்டர் நெட், நடுவில் பெரிய ஓட்டை. நைனா திண்ணையில் உட்கார்ந்து, அறுந்த இழையைச் சேர்க்கிற முடிச்சையே போட்டு, ராத்திரிக்குள் முடித்துக் கொடுத்தார். திங்கட்கிழமை சார் நெட்டைக் கட்டி, நடுவில் 2.43 மீட்டர் உயரம் அளந்தார். முடிச்சு ஒவ்வொன்றையும் விரலால் இழுத்துப் பார்த்துவிட்டு, "யாருடா போட்டது?" என்றார்.

கம்பெனிக்கு இன்னும் பதில் எழுதவில்லை.